ஆரல்வாய்மொழி வரும்போது எழுப்புங்கள்

திருநெல்வேலிக்கு ரயில் 1876-லேயே வந்துவிட்டது. மேற்கே திருவனந்தபுரத்துக்கு 1918-இல் வந்தது. நடுவில் கிடந்த நாஞ்சில் நாடு தண்டவாளத்தைக் காணாமலே சுதந்திரம் பெற்றது, 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடும் சேர்ந்தது. 1972-இல் இந்திரா காந்தி கன்னியாகுமரிக்கு வந்து அடிக்கல் நாட்டினார். 1979 ஏப்ரலில் திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு வண்டி ஓடியது. 1981 ஏப்ரலில் திருநெல்வேலி – நாகர்கோவில் பாதையும் திறந்தது. நாட்டின் முனையைப் பார்க்க நாடே வந்துகொண்டிருந்த ஊருக்கு ரயில் வந்து இன்னும் ஐம்பது வருஷம்கூட ஆகவில்லை.

அதற்கு முன்பெல்லாம் சென்னையிலிருந்து குமரி பார்க்க வருகிறவர்கள் எழும்பூரில் மீட்டர்கேஜ் வண்டி ஏறுவார்கள். ராத்திரி முழுக்க ஆடி அசைந்து, விடிந்தபின் திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கி, பல் தேய்த்து, காப்பி குடித்து, பஸ் பிடிப்பார்கள். எங்கள் வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்களுக்கும் அதே பாடுதான். அவர்களை அழைத்துவரப் பாட்டா திருநெல்வேலிக்குப் போகும்போது சில சமயம் என்னையும் கூட்டிப்போவார். திரும்பி வரும் அந்த பஸ் பயணம்தான் எனக்குக் குமரிமுனை. கடலைப் பற்றிப் பேசும்போதும் மனசு முதலில் அந்தச் சாலைக்குத்தான் போகிறது.

நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி என்று ஊர்கள் வரும். கண்ணுக்கு எட்டின மட்டும் செம்மண், பனை, உடைமரம். வெயில் ஏற ஏற பஸ்ஸில் எல்லாரும் தூங்கிவிடுவார்கள். காவல்கிணறு தாண்டினால் வலப்பக்கத்து மலை நெருங்கி வரும். முப்பந்தலில் இசக்கியம்மன் கோயில் முன்னால் வண்டி நிற்கும். டிரைவர் கும்பிடுவார், சனங்கள் காசு போடுவார்கள். வண்டி மறுபடி நகர்ந்ததும் பாட்டா என் தோளைத் தட்டுவார்.

"முழி மக்கா. நம்ம காத்து வருகு."

வரும். ஆனி, ஆடி மாதமானால் பஸ்ஸையே ஒரு பக்கமாகத் தள்ளும் காற்று. மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே ஓடிவந்து முடியப்போகிற இடத்தில் விட்டிருக்கும் வாசல் ஆரல்வாய்மொழிக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு மேற்கே மழையை இறக்கிவிட்டு இந்த வாசல் வழியாகக் கிழக்கே பாய்கிறது. அதனால் வாசலுக்கு இந்தப் பக்கம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. அந்தப் பக்கம் பணகுடிக்காரர்கள் ஐப்பசி, கார்த்திகையைத்தான் நம்பியிருக்க வேண்டும். புத்தகத்தில் மழைமறைவுப் பிரதேசம் என்று ஒரு பாடமாக வருவதைச் சில மைல் தூரத்தில் கண்ணால் பார்க்கலாம். பனை குறையும், தென்னை கூடும், குளம் வரும், பச்சை வயல் வரும். தோவாளையில் வண்டி நின்றால் பிச்சிப்பூ மணம் உள்ளே ஏறும். பிள்ளைகளுக்கு இயற்கையைக் கற்றுக்கொடுக்க இதைவிடச் சிறந்த இடம் தமிழ்நாட்டில் எனக்குத் தெரிந்து இல்லை.

1981-க்குப் பிறகு இதே காட்சியை ரயில் ஜன்னலிலிருந்து பார்த்தோம். நாகர்கோவில் பாதை பிராட்கேஜ், மதுரையிலிருந்து வருவது மீட்டர்கேஜ். ஆகவே திருநெல்வேலியில் மூட்டை முடிச்சோடு இறங்கி வண்டி மாற வேண்டும். தொண்ணூறுகளில் அந்தப் பாதையும் பிராட்கேஜ் ஆகும்வரை இந்தத் தொல்லை நீடித்தது. ஏத்தங்காய் சிப்ஸும் முந்திரிக்கொத்தும் கட்டிக்கொண்டு வருகிற அம்மைமார் அந்த மாற்றத்தைச் சபிக்காத நாள் கிடையாது. ஆனால் அந்தத் தொல்லையால்தான் வந்தவர்கள் பகல் வெளிச்சத்தில், கம்பி போட்ட திறந்த ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து கணவாயைக் கடந்தார்கள். காற்று முகத்தில் அடித்தபின்தான் ஊருக்குள் வந்தார்கள்.

இப்போது எல்லாம் வந்துவிட்டது. மின்சார இரட்டைப் பாதை. எழும்பூரில் சாயங்காலம் ஏறினால் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் மறுநாள் விடிவதற்குள் முனையில் கொண்டுவிடுகிறது. சூரிய உதயம் பார்க்க வசதியான நேரம் என்று எல்லாரும் மெச்சுகிறார்கள். உண்மைதான். ஆனால் அந்த வண்டி ஆரல்வாய்மொழியைக் கடப்பது இருட்டில். ஏசி பெட்டியில் திரையை இழுத்துவிட்டு, போர்வைக்குள் இருக்கிறார்கள்.

தூரத்திலிருந்து வருகிற பெரிய வண்டிகள் சில கணவாயின் பக்கமே வருவதில்லை. விவேகானந்தரின் 150-ஆவது பிறந்த ஆண்டை ஒட்டி அறிவித்து, 2011 நவம்பரில் ஓடத் தொடங்கிய விவேக் எக்ஸ்பிரஸ் அசாமின் திப்ரூகரிலிருந்து 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடி வருகிறது. மூன்று நாளுக்கு மேல் உட்கார்ந்து வருகிறவர்கள் கேரளம் வழியாக, குழித்துறை, இரணியல் பக்கமாக வந்து இறங்குகிறார்கள். பச்சைக்குள்ளிருந்து பச்சைக்குள் வருவதால் நாடு மாறியதே தெரியாது. ஜம்முப் பக்கமிருந்து வரும் ஹிம்சாகருக்கும் இந்த வழிதான். 1892 டிசம்பரில் விவேகானந்தர் வந்ததும் திருவனந்தபுரத்திலிருந்துதான். ஆனால் அன்றைக்குத் தெற்கே தண்டவாளம் இல்லை. சாலை வழியாக, ஒவ்வொரு ஊரையும் கண்ணால் பார்த்து வந்திருக்கிறார்.

2024 ஆகஸ்ட் 31 முதல் ஓடும் வந்தே பாரத் பகலில் வருகிறது. கணவாயை நல்ல வெளிச்சத்தில் கடந்து, பிற்பகலில் நாகர்கோவில் சேர்கிறது. அதில் வந்த என் அண்ணன் மகனிடம் ஆரல்வாய்மொழியைப் பார்த்தாயா என்று கேட்டேன்.

"காத்தாடி நெறைய பாத்தேன் சித்தப்பா. சத்தமே கேக்கல்ல."

கேட்காது. கண்ணாடி திறக்காத வண்டி. முப்பந்தலைச் சுற்றி நிற்கும் காற்றாலைகள் எந்தக் காற்றை நம்பி அங்கே நிற்கின்றனவோ அந்தக் காற்றுக்கு உள்ளே இடமில்லை.

இதை நான் ஆற்றாமையோடு சொல்வதற்குக் காரணம் உண்டு. குமரிமுனைக்கு வருகிறவர்கள் உதயத்துக்காக வருகிறார்கள். மழைக்காலத்தில் கிழக்கே மேகம் மூடிவிடும். அஸ்தமனமும் வருஷம் பூராவும் கடலில் விழாது. ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை சூரியன் வடமேற்கே ஒதுங்கிக் கரைப் பக்கம் மறையும். அப்போது வந்தவர்கள், படகில் விவேகானந்தர் பாறைக்கும் 133 அடி வள்ளுவர் சிலைக்கும் போய்வந்து, புதிய கண்ணாடிப் பாலத்தில் படம் எடுத்து, ஒன்றுமே பார்க்கவில்லை என்று முகம் வாடி வண்டி ஏறுகிறார்கள். எத்தனையோ ஆயிரம் வருஷமாக மலையும் காற்றும் மழையும் சேர்ந்து செய்துவைத்த ஒரு வாசலை, முந்தின ராத்திரி தூங்கியபடியே தாண்டி வந்தவர்கள் அவர்கள்.

பார்க்காத ஒன்றுக்காக யாரும் வருத்தப்பட மாட்டார்கள். திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று சொல்லப்பட்ட நாஞ்சில் நாட்டு வயல்கள் மனைகளாகிவிட்டன. எல்லைக்கல் நட்ட நிலங்களை ரயிலிலிருந்தே பார்க்கலாம். குளங்கள் சுருங்குகின்றன. மலைகளை உடைத்த கல் லாரி லாரியாக எல்லை தாண்டிப் போகிறது. வரும் சனங்களில் பாதிப் பேர் இந்தப் பச்சையைக் கண்டிருந்தால் அது குறைவதும் அவர்கள் கண்ணில் பட்டிருக்கும். இப்போது அது எங்கள் உள்ளூர்ச் சங்கடமாகவே கிடக்கிறது.

ஆகவே குமரி பார்க்க வரும் நண்பர்களிடம் நான் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ராத்திரி வண்டியில் வந்தால் திருநெல்வேலியிலேயே இறங்கிக்கொள்ளுங்கள். விடியட்டும். நாகர்கோவில் பக்கம் பகலில் போகிற, ஜன்னல் திறக்கிற பாசஞ்சரில் வலப்பக்கம் இடம் பிடியுங்கள், மலை அந்தப் பக்கம்தான். பணகுடி வந்ததும் போனை எடுத்து வையுங்கள். தோவாளை தாண்டும்வரை பிள்ளைகளைத் தூங்கவிடாதீர்கள். நாகர்கோவிலிலிருந்து முனைக்கு இருபது கிலோமீட்டருக்குள்தான். சுசீந்திரத்தில் தாணுமாலயனைக் கும்பிட்டுவிட்டு, மருந்துவாழ் மலையையும் பார்த்துக்கொண்டு சாயங்காலத்துக்குள் கடற்கரை சேர்ந்துவிடலாம். உதயத்தை மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள். மாதம் உங்கள் விருப்பம் என்றால் ஆனி, ஆடியில் வாருங்கள்.