வரப்புக்கு வரப்பு ஒரு பேர்

போன், பர்கண்டி,
பிரான்ஸ்.

அன்புள்ள மாமாவுக்கு,

என் வேலையைப் பற்றி ஒரு வரிகூடக் கேட்காமல், "அங்கே திராட்சை எப்படி, என்ன விலை?" என்று மட்டும் எழுதியிருந்தீர்கள். சுருளிப்பட்டித் திராட்சை விவசாயியிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்? விலையைக் கடைசியில்தான் சொல்வேன். முதலிலேயே சொன்னால் மீதியைப் படிக்க மாட்டீர்கள்.

வேலை டிஜோன் நகரத்தில். அங்கே வாடகை கட்டுப்படியாகாமல், போன் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் குடியிருக்கிறேன். வீட்டுக்காரர் திராட்சை விவசாயி. தானே விளைத்து, தானே வைன் போட்டு, தானே பாட்டிலில் அடைத்து விற்கிறவர். மாடியில் நான், தரைக்குக் கீழே நூறு பீப்பாய். ஒழுங்காக வாடகை கட்டுவது நான், ராஜ உபசாரம் நடப்பது பீப்பாய்களுக்கு. கோடையில் நிலவறை ஜில்லென்று இருக்கும். என் அறையில் ஒரு மின்விசிறிகூடக் கிடையாது.

இவருக்கு நிலம் ஆறு ஹெக்டேர், அதாவது பதினைந்து ஏக்கர். "பரவாயில்லையே, பெரிய ஆள்தான்" என்பீர்கள். பொறுங்கள். அது நாலு ஊரில் இருபது துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. ஒரு துண்டில் மூன்றே வரிசைக் கொடிதான். கவாத்துக்குக் கிளம்பினால், கவாத்தை விட வண்டி ஓட்டுவதில்தான் அதிக நேரம் போகிறது.

நிலத்தை இப்படிக் கூறுபோட்டவர் நெப்போலியன். பிரெஞ்சுப் புரட்சியில் கிறிஸ்தவ மடங்களின் நிலங்களைப் பிடுங்கி ஏலம் விட்டார்கள். 1804-ல் வந்த நெப்போலியன் சட்டம், சொத்து பிள்ளைகளுக்குச் சரிபங்கு என்றது. அதற்குப் பிறகு விற்றும் பங்கு பிரித்தும், க்ளோ த வூஜோ என்று மதில் போட்ட ஒரே தோட்டம், மொத்தமே 50 ஹெக்டேர், இன்றைக்குச் சுமார் 80 பேருக்குச் சொந்தம். நம் ஊரில் இப்படித் துண்டானால் "நிலம் வீணாப் போச்சு" என்போம். இங்கே ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பேர் வைத்து, வரைபடம் போட்டு, பேருக்கே விலை வைத்துவிட்டார்கள்.

இந்தத் தோட்டங்கள் இருக்கும் சரிவு டிஜோனிலிருந்து தெற்கே நீள்கிறது, ஏறக்குறைய தேனியிலிருந்து குமுளி போகிற தூரம். அகலமோ பல இடங்களில் ஒரு கிலோமீட்டர்கூடத் தேறாது. அதற்குள் பேர் வைத்த துண்டுகள் 1,247. 2015-ல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தாஜ்மகால் இருக்கிற பட்டியலில் வரப்பும் கொடியும்! அந்தத் துண்டுகளுக்குள்ளும் ஏற்றத்தாழ்வு உண்டு. வெறும் பர்கண்டி என்று போட்டது அடித்தட்டு, அதற்கு மேலே ஊர்ப் பேர் போட்டது, அதற்கும் மேலே ப்ரெமியே க்ரூ, உச்சாணிக் கொம்பில் கிராண்ட் க்ரூ. உச்சியில் இருப்பவை 32தான். சிவப்புக்கு பினோ நுவார், வெள்ளைக்கு ஷார்தொனே, அநேகமாக இந்த இரண்டு ரகம்தான். கொடியும் ஆளும் பீப்பாயும் ஒன்றே. ஆனால் வண்டிப்பாதைக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் அஞ்சு மடங்கு.

இதெல்லாம் சும்மா பகட்டா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். நிலவறைக்கு அழைத்துப் போய் இரண்டு கிளாஸ் ஊற்றினார். பக்கத்துப் பக்கத்துத் துண்டு, ஒரே வருஷத்து வைன். சத்தியமாகச் சொல்கிறேன் மாமா, இரண்டும் வேறு வேறுதான். ஒன்று மிருதுவாக இறங்கியது, மற்றது நாக்கைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இறங்கியது என்றால் தொண்டையில் இல்லை. இங்கே ருசி பார்க்கிறவர்கள் விழுங்குவதில்லை, வாயில் சுழற்றி வாளியில் துப்பிவிடுவார்கள். நானும் துப்பினேன். அத்தைக்குப் படித்துக் காட்டும்போது இந்த வரியை மட்டும் உரக்கப் படியுங்கள்.

காரணம் என்ன என்றால், அடியில் சுண்ணாம்புக்கல், மேலே களிமண் கலந்த மண். சரிவின் நடுப்பகுதியில் இரண்டும் அளவாகச் சேர்ந்து தண்ணீர் வடிகிறது, காலை வெயில் நேராக விழுகிறது. அடிவாரத்தில் ஈரம் தேங்கும், உச்சியில் மண் மெலிந்துவிடும். இதைக் கண்டுபிடித்தவர்கள் சித்தோ மடத்துத் துறவிகள் என்பார்கள். 1098-ல் தொடங்கிய மடம் அது. அவர்கள் மண்ணை நாக்கில் வைத்தே தரம் பிரித்தார்கள் என்று ஒரு கதை இருக்கிறது. வீட்டுக்காரரோ ஒருபடி மேலே போய், "கல்லின் ருசி தெரிகிறதா?" என்றார். கல்லின் ருசி வேர் வழியாகப் பழத்துக்கு ஏறுவதில்லை, கொடிக்குத் தண்ணீரும் சூடும் எப்போது எவ்வளவு கிடைக்கிறது என்பதுதான் விஷயம் என்கிறார்கள் விஞ்ஞானிகள். அதை அவரிடம் நான் சொல்லவில்லை. வாடகை ஒப்பந்தத்தை அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும்.

இனி நீங்கள் தலையில் அடித்துக்கொள்ளும் பகுதி. இங்கே பந்தல் கிடையாது. கொடி இடுப்பு உயரம், குலை முழங்கால் உயரம். ஹெக்டேருக்குப் பத்தாயிரம் கொடி. நம் பந்தலுக்கு அடியில் நிமிர்ந்து நின்று நிழலில் அறுக்கலாம். இங்கே குனிந்த முதுகு அறுவடை முடிந்துதான் நிமிரும். பாசனம் கிடையாது, சொட்டுநீரும் கிடையாது, வானம் கொடுத்ததுதான். நீங்கள் வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுத்துக்கொண்டே இருப்பீர்கள். இவர்களுக்கு வருஷத்துக்கு ஒரே அறுவடை. அதிலும், ஊர்ப் பேர் போட்ட சிவப்பு வைன் ஹெக்டேருக்குச் சுமார் 4,000 லிட்டர்தான் எடுக்கலாம் என்று சட்டம். அதிகம் விளைந்தால் சந்தோஷப்பட வேண்டிய வீட்டுக்காரர் கோடையிலேயே பச்சைக் குலையை வெட்டிக் கீழே போடுகிறார். நீங்கள் பார்த்தால் கத்தரியைப் பிடுங்கிவிடுவீர்கள்.

அரசாங்கம் தோட்டத்துக்குள் மூக்கை நுழைப்பது இங்கே புதிதில்லை. 1395-ல் பர்கண்டியின் பிரபு பிலிப், நிறையக் காய்க்கிற கமே கொடியைத் துரோகி என்று சொல்லிப் பிடுங்கி எறிய ஆணை போட்டார். எருப் போடுவதும் அவருக்குப் பிடிக்கவில்லை. இன்று வீட்டுக்காரர் செய்வதைப் பார்த்தால் என்ன சொல்வாரோ! மாட்டுக் கொம்புக்குள் சாணியை அடைத்துக் குளிர்காலம் முழுக்க மண்ணில் புதைத்து, வசந்தத்தில் தோண்டி எடுத்து, ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் ஒரு மணி நேரம் கலக்கித் தெளிக்கிறார். 1924-ல் ருடால்ஃப் ஸ்டைனர் சொல்லிக்கொடுத்த முறையாம். உங்கள் பஞ்சகவ்ய டிரம்மைப் பார்த்துச் சிரித்த வேளாண் பட்டதாரிகளை இங்கே அனுப்பி வையுங்கள்.

"என் மண், என் வேர்" என்று இவர்கள் நெஞ்சு நிமிர்த்தும்போது மட்டும் எனக்குச் சிரிப்பு வரும். 1860-களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலோக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி பிரான்ஸின் தோட்டங்களைத் தின்று தீர்த்தது. மருந்தும் அங்கிருந்தே வந்தது. அமெரிக்க வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டினார்கள். இன்றும் அப்படித்தான்.

ஆனால் உழைப்பைப் பார்த்தால் சிரிப்பு போய்விடும். 2021 ஏப்ரலில் துளிர்விட்ட கொடி மேல் உறைபனி. ராத்திரி முழுக்கக் கொடிக்கு நடுவே மெழுகு டப்பாக்களைக் கொளுத்திக் காவல் இருந்திருக்கிறார்கள். அப்படியும் அந்த வருஷம் ஷார்தொனே பெரும்பாலும் போய்விட்டது. போன் ஊரில் அறுவடை தொடங்கிய தேதிக்கு 1354 முதல் கணக்கு இருக்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் செப்டம்பர் 28-ஐ ஒட்டித் தொடங்கியது, 1988-க்குப் பிறகு சராசரியாக 13 நாள் முந்திவிட்டது. சூடு கூடியதால் கொடி சீக்கிரம் துளிர்க்கிறது, அந்தத் துளிரைப் பனி பிடிக்கிறது.

இவ்வளவு பாடுபட்டும் சின்ன விவசாயி எப்படித் தாக்குப்பிடிக்கிறார் என்பதற்கு வருகிறேன். நூறு வருஷத்துக்கு முன் இவர்களும் உங்களைப் போலத்தான். பீப்பாயோடு வைனை வியாபாரிக்குக் கொடுத்துவிடுவார்கள். சில வியாபாரிகள் தெற்கத்தி வைனையும் அல்ஜீரிய வைனையும் கலந்து, பெரிய ஊர்ப் பேரை ஒட்டி விற்றார்கள். வொல்னே ஊரின் மார்க்கி தாஞ்செர்வில் என்ற தோட்டக்காரர் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தார். வியாபாரிகள் அவர் சரக்கை வாங்க மறுத்தார்கள். "வேண்டாமா? சரி" என்று அவரே பாட்டிலில் அடைத்து விற்கத் தொடங்கினார். ஆன்ரி கூஜ், அர்மான் ரூஸோ போன்ற விவசாயிகளும் அதே வழியில் போனார்கள். 1935-ல் சட்டம் வந்தது: எந்த மண்ணில் விளைந்ததோ அந்த ஊர்ப் பேர்தான் பாட்டிலில் வரலாம். இன்று தனி விவசாயிகளின் சங்கத்துக்கென்றே ஒரு சின்னம் உண்டு, பீப்பாயைத் தோளில் சுமக்கிற ஆள் படம். சொந்தத் தோட்டம், சொந்தத் தயாரிப்பு என்றால்தான் அதைப் பாட்டிலில் போடலாம்.

பேருக்கு இருக்கும் மவுசைச் சொல்லி மாளாது. 1847-ல் ஷெவ்ரே என்ற ஊர், தன் எல்லைக்குள் இருந்த புகழ்பெற்ற ஷாம்பெர்தன் தோட்டத்தின் பேரைத் தன் பேரோடு ஒட்டிக்கொண்டது. கல்யாணப் பத்திரிகையில் ஒன்றுவிட்ட சித்தப்பாவான கலெக்டர் பேரைப் போடுவோமே, அந்தக் கதைதான். அடுத்து வந்த வருஷங்களில் சுற்றுப்பட்டு ஊர்கள் பலவும் ஆளுக்கொரு கலெக்டரைத் தேடிப்பிடித்து ஒட்டிக்கொண்டன.

பேர் இருந்தால் போலியும் வரும். 2008-ல் நியூயார்க்கில் ஓர் ஏலம். பொன்ஸோ குடும்பத்து க்ளோ சன் தெனி வைன், 1945-லிருந்து போட்டது என்று பாட்டில்களை வைத்திருந்தார்கள். லொரான் பொன்ஸோ நேரில் போய் நிறுத்தினார். அவர் குடும்பம் அந்த வைனைப் போடத் தொடங்கியதே 1982-ல்தான்! சரக்கைக் கொண்டுவந்த ரூடி குர்னியாவனுக்கு 2014-ல் பத்து வருஷம் சிறை. பெரிய பணக்கார நாக்குகளெல்லாம் ஏமாந்த இடத்தில், விவசாயியின் ஞாபகம் ஜெயித்தது.

சரி, விலை. கிராண்ட் க்ரூ நிலம் நம் பணத்தில் ஏக்கர் சராசரி இருபது கோடிக்கு மேல். ரொமானே-கொந்தி என்ற 1.8 ஹெக்டேர் துண்டில் விளையும் வைன், பாட்டில் பத்து லட்சம் ரூபாயைத் தாண்டும். பாட்டி மயங்கி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த விலையே இப்போது வினையாகிவிட்டது. அப்பா செத்தால் பிள்ளைகள் வாரிசு வரி கட்ட முடியாமல் நிலத்தை விற்கிறார்கள். லூயி வித்தோன் பைகளை விற்கும் எல்.வி.எம்.எச். குழுமம் 2014-ல் க்ளோ தே லாம்ப்ரே என்ற தோட்டத்தை வாங்கியது. வீட்டுக்காரரின் மகள் என்ன செய்வாள் என்று அவருக்கே தெரியாது.

ருசி மட்டும் இவர்களைக் காப்பாற்றவில்லை மாமா. பேரும், அதற்குப் பின்னால் சட்டமும், பேரை வியாபாரியிடம் விட்டுக்கொடுக்காத பிடிவாதமும்தான் காப்பாற்றின. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-லேயே புவிசார் குறியீடு கிடைத்தாயிற்று. உங்கள் பழமோ இன்னும் பேரில்லாத பெட்டியில் மலையேறிக் கேரளா போகிறது. குறியீட்டைப் பயன்படுத்த ஒவ்வொரு விவசாயியும் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த விண்ணப்பத்தை முதலில் போடுங்கள். பதிவு வந்ததும் பெட்டி மேல் "கம்பம் பன்னீர் திராட்சை, சுருளிப்பட்டி" என்று கொட்டை எழுத்தில் அச்சடித்து, கீழே உங்கள் பேரையும் போடுங்கள். வியாபாரி முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும். அச்சுக்கூலியை நான் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்