வஸ்திர தர்மாதிகாரி

நாள் குறிக்க ஜோசியர், சமைக்கத் தவசிப்பிள்ளை, ஊத நாதஸ்வரக்காரர் என்று கல்யாண காரியம் ஒவ்வொன்றுக்கும் வெற்றிலை பாக்கோடு முன்பணமும் வைத்து ஆள் அமர்த்த வேண்டியிருக்கிற இந்த உலகத்தில், ஒருவரும் அழைக்காமல், ஒரு காசும் எதிர்பாராமல், தாமாகவே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இன்ன முகூர்த்தத்துக்கு இன்ன நிறம், இன்னார் வீட்டுக்கு இன்ன கரை, இந்த உடம்புக்கு இந்தத் துணி என்று தீர்ப்புக் கூறி, காபியைக் குடித்துவிட்டு எழுந்து போகிற மகானுபாவர் ஒருவர் நம்முடைய குடும்பங்களில் தலைமுறைக்கு ஒருவராவது அவதரித்துவிடுகிறார். சிலருக்கு அவர் பெரியப்பா, சிலருக்கு மாமா, எதிர்வீட்டுக்காரர்களுக்குச் சார். உறவுமுறை எதுவானாலும் உத்தியோகம் ஒன்றே ஆகையால், அவரை வஸ்திர தர்மாதிகாரி என்று அழைப்பதே பொருத்தம் என்று தோன்றுகிறது.

அவர் தறியில் உட்கார்ந்தவர் அல்லர். கத்தரிக்கோல் பிடித்தவரும் அல்லர். உத்தியோக காலம் முழுவதும் ஏதோ ஒரு சர்க்கார் ஆபீஸில் ஃபைல்களைப் புரட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு குறையைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பி, அந்தப் பழக்கம் தம்மை விட்டு நீங்குவதற்குள் ஓய்வு பெற்றுவிட்டவர். ஃபைல்கள் வருவது நின்றதும் மனிதர்கள் வர ஆரம்பித்தார்கள், அவ்வளவே வித்தியாசம். அவருடைய சொந்த உடுப்பைப் பற்றிக் குற்றம் சொல்ல எவராலும் இயலாது. மெல்லிய பச்சைக் கரை போட்ட எட்டு முழ வேட்டி, வெள்ளை அரைக்கைச் சட்டை, சட்டைப் பையில் நாலாக மடித்த கைக்குட்டை. கல்யாணமானாலும் கருமாதியானாலும், பாங்கியானாலும் பஜனை மடமானாலும் இதே கோலந்தான். வெள்ளையை விட்டு ஓரடி வெளியே வைக்காத மனிதரிடம் நிறப் பொருத்தத்தைப் பற்றி யார் என்ன கேட்டுவிட முடியும்? தமக்கென்று எதையுமே தேர்ந்தெடுக்காததனால் தவறே செய்ய நேராத அந்தப் பரிசுத்தத்தை மூலதனமாக வைத்துக்கொண்டுதான் அவர் ஊராருடைய சிவப்பையும் பச்சையையும் விசாரணைக்கு எடுத்துக்கொள்கிறார்.

அவருடைய பார்வைக்கு ஒரு கிரமம் உண்டு. எதிரே வருகிறவரின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பது சாமானியர் வழக்கம். இவரோ பாதாதிகேசமாகப் பார்ப்பார். செருப்பில் தொடங்கி, வேட்டியின் கீழ்க்கரை இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று அளந்து, சட்டையின் மூன்றாவது பொத்தான் மற்றப் பொத்தான்களின் ஜாதியைச் சேர்ந்ததுதானா என்று சோதித்து, கழுத்துப்பட்டையின் உள்மடிப்பையும் எட்டிப் பார்த்துவிட்டு, கடைசியாக அவர் முகத்துக்கு வந்து சேரும்போது, வந்தவர் யார் என்று கண்டுகொள்ளும் ஆவல் அவருக்குப் பெரும்பாலும் தீர்ந்துபோயிருக்கும். "எப்ப வந்தே?" என்று ஆரம்பிக்கும் குசல விசாரணை, "சட்டை ரெடிமேடா?" என்ற இடத்தில் நிற்கும். "ஆமா மாமா" என்று சொன்னால், "தெரியுது" என்பார். பையன் பரீட்சையில் தேறிய செய்தியைச் சொல்ல வந்தவன் தோளின் தையலைத் தடவிக்கொண்டே திரும்பிப் போவான்.

வேட்டி விஷயத்தில் அவர் பெரிய சாஸ்திரகாரர். நாலு முழம் வீட்டுக்கும் கிணற்றடிக்கும். எட்டு முழம் நாலு பேர் நடுவே போவதற்கு. பஞ்சகச்சத்துக்கு ஒன்பது முழ வேட்டியும் ஐந்து முழ அங்கவஸ்திரமும், ஆள் நெடியவனானால் பத்துக்கு ஆறு என்று கேட்காமலேயே வாய்ப்பாடு ஒப்பிப்பார். மடித்துக் கட்டிக்கொண்டு நடப்பதை அவர் ஆட்சேபிப்பதில்லை; பெரியவர் ஒருவர் எதிர்ப்பட்டதும் மடிப்பை இறக்கிவிட மறந்தவனை மட்டும் ஆயுள் உள்ளவரை மன்னிப்பதில்லை. இடுப்பில் ஒட்டுப்பட்டையும் பக்கத்தில் செல்போனுக்கு ஒரு பையுமாகத் தைத்து வருகிற இக்காலத்து வேட்டியைக் கண்டால் அவருக்கு உண்டாகும் துக்கம் சொல்லத் தரமன்று. "நட்புக்கு உவமை தேடின வள்ளுவரே நழுவுற உடையைப் பிடிக்க ஓடுற கையைத்தான் எடுத்துக்கிட்டார். வேட்டி நழுவவே நழுவாதுன்னா அந்தக் குறளைப் பிள்ளைங்களுக்கு எப்படிப்பா புரியவைக்கிறது?" என்று அவர் கேட்பதில் நியாயம் இல்லாமலில்லை.

2014-ஆம் வருஷம், புத்தக வெளியீட்டு விழா ஒன்றுக்கு வேட்டி கட்டிச் சென்ற உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் சென்னையில் ஒரு கிரிக்கெட் கிளப்பின் வாசலிலே தடுத்து நிறுத்தப்பட்டதும், அதைத் தொடர்ந்து சட்டசபை கூடி, வேட்டி கட்டியவரை உள்ளே விட மறுத்தால் கிளப்பின் லைசென்ஸ் ரத்து, ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் இயற்றியதும் நாடறிந்த விஷயம். அந்தச் செய்தி வந்த நாளில் நம் தர்மாதிகாரி தெருவில் எல்லோருக்கும் கற்கண்டு வழங்கியிருக்க வேண்டும். ஆனால் அவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "எல்லாம் சரி, எப்படிக் கட்டணும்னு சட்டத்துல ஒரு வார்த்தை இல்லையே" என்று பெருமூச்சு விட்டார்.

கரை என்பது அழகுக்காகப் போட்டது என்று எண்ணுகிற பேதைகளை அவர் மிகவும் இரக்கத்துடன் நோக்குவார். கருப்பும் சிவப்பும் கலந்த கரைக்கும், அவற்றின் நடுவே ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிற கரைக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்று தமிழ்நாட்டில் ஒரு தேர்தலையாவது கண்டவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெண் கேட்டுப் போகிற வீட்டில் மாட்டியிருக்கும் தலைவர் படம் எது என்று விசாரித்துக்கொண்ட பிறகே மாப்பிள்ளையின் தகப்பனார் கரையைத் தீர்மானிக்க வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. நிறங்களும் அப்படியே. முகூர்த்தத்தில் கருப்பு ஆகவே ஆகாது என்று கையை உதறுகிறவர், கார்த்திகை பிறந்து அதே கருப்பை ஐயப்ப பக்தர் உடுத்தி வந்தால் எழுந்து நின்று 'சாமி' என்று கும்பிடுவார். நிறத்தில் தோஷமில்லை, நாளில்தான் இருக்கிறது என்பது அவருடைய சித்தாந்தம்.

அவருடைய வித்தையின் முழு விஸ்தாரத்தையும் பார்க்க விரும்புகிறவர்கள் அவருடன் பட்டுக் கடைக்குப் போக வேண்டும். தங்கை மகள் ஒருத்தி தன் அண்ணன் பெண்ணின் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க அவரையும் அழைத்துப் போயிருந்தாள். வெள்ளை விரிப்பின்மேல் புடவைகள் மலை மலையாகக் குவிய, கடைப் பையன் ஒன்றை எடுத்துத் தன் தோளிலேயே போட்டுக் காட்டினான். ஆழ்ந்த நீலம், சங்கீத மேடையில் எம்.எஸ். சுப்புலட்சுமி உடுத்தியதால் அவர் பெயரையே கொண்டுவிட்ட எம்.எஸ். நீலம். அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. மாமாவின் முகம் மலரவில்லை.

"தம்பி, இதைக் கொஞ்சம் வாசலுக்குக் கொண்டு வாங்க. டியூப்லைட் நீலம் வேற, வெயில் நீலம் வேற."

வாசலில், போகிற வருகிறவர்களெல்லாம் நின்று பார்க்க, அவர் புடவையின் மறுபக்கத்தைத் திருப்பினார். உடலுக்கு ஒரு நாடாவும் கரைக்கு வேறு நாடாவுமாக ஓட்டி, ஒரே தறியில் இருவர் கையால் கோத்து நெய்கிற கோர்வைதானா என்று உடலும் கரையும் சேருமிடத்தைக் கட்டைவிரலால் வருடினார். பிறகு ஓரத்தில் தொங்கிய ஒரு ஜரிகை இழையை நகத்தால் மெதுவாகச் சுரண்டினார். அசல் ஜரிகையானால் பொன் முலாம் பூசிய வெள்ளிக்கு உள்ளே சிவப்புப் பட்டு நூல் இருக்க வேண்டும். வெள்ளை நூல் எட்டிப் பார்த்தால் அது வேறு சங்கதி. சிவப்பே தெரிந்தது. கடைப் பையன் பிரமித்துப்போய், "சார் நெசவு வேலை பார்த்தவங்களா?" என்று கேட்டான்.

"இல்லை தம்பி. பார்க்கிறதே வேலை."

நீலம் உண்மை, கோர்வை உண்மை, ஜரிகை உண்மை. ஆகவே வாங்கிவிடலாம் என்று அந்தப் பெண் நினைத்ததுதான் பிசகு. "எல்லாம் சரிதாம்மா. ஆனா கல்யாணப் பொண்ணு அரக்கு கட்டப் போகுது. சம்பந்தியம்மா மாம்பழ மஞ்சள் எடுத்திருக்காங்க. நடுவுல நீ இந்த நீலத்தைக் கட்டிக்கிட்டு நின்னா சபையில பார்வை எங்கே போகும்? அத்தைக்காரி அத்தைக்காரியாத்தான் தெரியணும்" என்றார். மணப்பெண்ணுக்கு மேல் எவரும் ஜொலிக்கலாகாது. சம்பந்திக்குக் கீழே மிகவும் இறங்கிப்போய்விடவும் கூடாது. இவ்விரண்டுக்கும் நடுவே அத்தை நிற்க வேண்டிய அந்தத் துல்லியமான இடத்துக்கு உரிய நிறம் வெங்காயச் சருகு நிறமே என்று அவர் நிர்ணயித்தார். வெங்காயச் சருகு வாங்கப்பட்டது. எம்.எஸ். நீலம் மடிக்கப்பட்டு அலமாரிக்குத் திரும்பியதை அந்தப் பெண் பார்த்த பார்வையைப் பற்றி நான் விவரிக்கப் போவதில்லை.

விசேஷ நாட்களோடு அவருடைய அதிகாரம் முடிந்துவிடுவதில்லை. நேர்முகத் தேர்வுக்குப் போகிற இளைஞன் வந்து நின்றால், புதுச் சட்டை போட்டுக்கொண்டு போகாதே என்பார். புதுச் சட்டை ஆளைப் போட்டுக்கொள்ளும், நாலு தடவை துவைத்த சட்டையைத்தான் ஆள் போட்டுக்கொள்ள முடியும் என்பது அதற்கு அவர் சொல்லும் காரணம். இதைக் காட்டிலும் நல்ல யோசனையை நான் வேறெங்கும் கேட்டதில்லை. பாங்கியில் கடன் கேட்கப் போகிறவன் கடன் தேவைப்படாதவனைப் போலவும், வாங்கிய கடனுக்குத் தவணை கேட்கப் போகிறவன் இன்னும் ஒரு கடன் தேவைப்படுகிறவனைப் போலவும் தோன்ற வேண்டும் என்பார். இரண்டுக்கும் ஒரே சட்டை போதும், முதல் தடவை பெட்டி போட்டும் இரண்டாம் தடவை போடாமலும்.

துக்க வீட்டுக்கு மொடமொடவென்று கஞ்சி போட்ட சட்டையோடு போவது மகா பாவம். செய்தி காதில் விழுந்ததும் போட்டது போட்டபடி ஓடி வந்தவனாகத் தெரிய வேண்டும். இதற்காகவே அவர் தம்முடைய வெள்ளைச் சட்டைகளில் ஒன்றைத் தனியே ஒதுக்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறார் என்பதும், அதிகம் கசங்கினால் அலட்சியம், குறைவாகக் கசங்கினால் ஆடம்பரம் என்று வாரம் ஒரு முறை எடுத்துப் பார்த்துக்கொள்கிறார் என்பதும் அவருடைய சம்சாரம் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

சாயம் போகிற துணி அவருக்குப் பரம சத்துரு. வீட்டில் ஒரு மதுரைச் சுங்குடி வந்தால், உப்புத் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, தனியாக அலசி, நிழலில் உலர்த்தி அவருக்குக் காட்டிய பிறகே மற்றத் துணிகளோடு சேர அதற்கு அனுமதி கிடைக்கும். 1960-களில் நம் சென்னைப் பக்கத்துக் கட்டம் போட்ட கைத்தறித் துணியை அமெரிக்காவில் விற்றபோது, துவைக்கத் துவைக்கச் சாயம் கரைந்து கட்டத்துக்குக் கட்டம் கலந்து புதுப்புது நிறம் காட்டும் என்பதையே பெருமையாக விளம்பரம் செய்தார்கள். வாங்கியவர்களும் சந்தோஷமாக வாங்கினார்கள். இந்த விருத்தாந்தத்தை அவரிடம் ஒருவன் சொல்லிவைக்க, அவர் வெகுநேரம் மௌனமாயிருந்துவிட்டு, "அந்த ஊர்ல மாமியாரும் மருமகளும் ஒரே வாளியில துவைக்கிறதில்லை போலிருக்கு" என்றார்.

சந்தர்ப்பத்துக்குத் தக்க உடை என்ற அவருடைய ஏக சித்தாந்தத்துக்கு ஒரே ஓர் இடத்தில்தான் சங்கடம் உண்டு. 1921 செப்டம்பர் 22-ஆம் தேதி மதுரையில் காந்தி மகான் மேல்சட்டையையும் நீள வேட்டியையும் துறந்து அரையாடைக்கு மாறினார். பத்து வருஷம் கழித்து லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அரண்மனை விருந்துக்கும் அதே கோலத்தில், மேலே ஒரு சால்வையுடன் போய்விட்டு வந்தார். இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டால் தர்மாதிகாரி அசைய மாட்டார். "நாம சந்தர்ப்பத்துக்குத் தக்கபடி மாறுறவங்க. அவருக்குச் சந்தர்ப்பம் மாறிக்கிச்சு. உன்னால அது முடியும்னா நீயும் அப்படியே போ, நான் தடுக்கலை" என்பார். கேட்டவன் மறுபேச்சில்லாமல் சட்டையை மாட்டிக்கொள்வான்.

ஒரே ஒருவரிடம்தான் அவர் வாயடைத்து நின்றதை நான் கண்டேன். தோளில் துண்டு போடுகிற முறையைப் பற்றி, மரபு என்ற சொல்லை வாக்கியத்துக்கு ஒரு முறை உச்சரித்து அவர் பேசிக்கொண்டிருந்தபோது, அவரோடு ஆபீஸில் வேலை பார்த்த நண்பர் ஒருவர், "எங்க தாத்தா உங்க தெருவுல நடக்கிறப்போ துண்டை இடுப்புலதான் கட்டிக்கிட்டு நடந்தார் சார். அதுக்கும் மரபுன்னுதான் பேர்" என்று மிகவும் சாந்தமாகச் சொன்னார். யாருக்குத் தோளில் துணி கிடக்கலாம் என்பதற்காகத் திருவிதாங்கூரில் கலகம் நடந்து, 1859-இல் மகாராஜா பிரகடனம் செய்ய நேர்ந்த தேசம் நம்முடையது. தர்மாதிகாரி அன்று பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு துண்டைப் பற்றிய அத்தியாயத்தை அவர் எவருக்கும் உபதேசித்ததும் இல்லை. இதை அவருடைய மரியாதைக்கு அடையாளமாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இத்தனை கெடுபிடியும் செய்கிற ஒருவரைக் கண்டால் ஊரார் சந்து மாறிப் போவதுதானே இயல்பு? ஆனால் முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி பார்க்க வேண்டும்: அவருடைய கைபேசியில் புடவைப் படங்கள் வரிசையாக வந்து விழும், 'பெரியப்பா, இதுவா அதுவா?' என்று சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கேள்விகள் பறக்கும். அவரைத் திட்டியவர்களே முதலில் கேட்பார்கள். இதன் மர்மம் வெங்காயச் சருகுப் புடவை கல்யாணத்தில் அரங்கேறிய அன்று எனக்கு விளங்கிற்று. பந்தியில் ஓர் அம்மாள், "ஏம்மா, இவ்வளவு மங்கலா எடுத்திருக்கே?" என்று கேட்க, அந்தப் பெண் ஒரு விநாடிகூடத் தயங்காமல், "நானா எடுத்தேன்? மாமாதான் எடுத்தார்!" என்றாள். சற்று நேரத்தில் இன்னொருத்தி வந்து, "நிறம் உனக்கு எவ்வளவு எடுப்பா இருக்கு!" என்றபோது, "எனக்கு எப்பவுமே லைட் கலர்தான் பொருந்தும்" என்று அதே வாய் சொல்லிற்று. எம்.எஸ். நீலத்தைத் தானே தேர்ந்தெடுத்து உடுத்தியிருந்தாளானால் முதல் அம்மாளுக்கு அவளே அல்லவா ஜவாப்தாரி?

நாலு பேர் பார்க்கிற சபைக்குள் நுழைவது நம்மில் எவருக்கும் லேசான காரியம் அல்ல. அழகாக இருக்கிறோமா என்ற கவலையைவிட, இல்லையென்றால் அது யாருடைய குற்றம் என்ற கவலைதான் பெரிது. அந்தச் சுமையைத் தர்மாதிகாரி தலையில் வைத்துவிட்டு நாம் கையை வீசிக்கொண்டு மண்டபத்துக்குள் போகிறோம். அவரும், சபையில் நாற்புறமும் 'மாமா சொன்னார், மாமா எடுத்தார்' என்று தம் பெயர் அடிபடுவதைக் கேட்டு, அது கீர்த்தி என்று எண்ணிக்கொண்டு வெள்ளை வேட்டியில் முன்வரிசையில் வீற்றிருக்கிறார். இரு தரப்பாருக்கும் நஷ்டமில்லாத இப்படிப்பட்ட ஒப்பந்தம் வேறு எந்தத் துறையிலும் காணக் கிடைக்காது.

ஆகையால் உங்கள் குடும்பத்தில் இத்தகைய ஒருவர் இருந்தால், அவர் உங்கள் சட்டையைப் பார்த்து "தெரியுது" என்று சொல்வதைப் பொறுத்துக்கொண்டு, அவருக்குக் காபியைச் சூடாகவே கொடுங்கள். நல்ல துணி எந்தக் கடையிலும் கிடைக்கும். அது பொருந்தாமற்போனதற்குப் பழி ஏற்க ஓர் ஆள் எந்தக் கடையிலும் கிடைக்க மாட்டார்.