லட்சம் கோடி பைட்டும் ஒரு மொய்க் கணக்கும்

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் என்பது கணினிக்குக் கட்டிய பரண். பித்தளை அண்டா, கால் உடைந்த தொட்டில், சீர்வரிசையில் வந்து ஒருநாளும் திரி போடாத ஐந்துமுக விளக்கு எல்லாம் பரணுக்குப் போவது பத்திரமாக இருக்கட்டும் என்றா? கீழே இடம் வேண்டும் என்றுதான். எங்கள் வீட்டில் பேக்கப்பும் அந்த முறையில்தான் நடந்துவந்தது. கணினி இடம் போதவில்லை என்று சிவப்புக் கோடு காட்டும். உடனே மனைவியோ மகனோ பழைய படங்களை டிஸ்க்கில் ஏற்றுவார்கள். ஏற்றிய கையோடு கணினியிலிருந்து அழித்தும் விடுவார்கள். கேட்டால், “அதான் பேக்கப் இருக்கே!”

முன்பும் ஒரு பிரதி, இப்போதும் ஒரு பிரதி. முன்பு மேசைக்கு அடியில் அசையாமல் கிடந்த பெட்டிக்குள் இருந்தது. இப்போது உள்ளங்கை அகலத்தில், இழுத்தால் கூடவே வந்து விழுகிற வயரோடு இருக்கிறது. அதற்குள் தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்கின்றன. தட்டைப் படிக்கும் முனை, தலைமுடிப் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில் மிதக்கிறது. அப்படிச் சுழன்றுகொண்டிருக்கும்போதுதான் அதை நகர்த்தி வைத்துவிட்டு அந்த இடத்தில் காப்பி டம்ளரை வைக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் தோன்றும்.

ஒரு டெராபைட் டிஸ்க் புதிதாக வாங்கிவந்த அன்று என் மாமனாரும் கூட இருந்தார். அவர் ஓய்வுபெற்ற முத்திரை ஆய்வாளர். பணியில் இருந்த காலத்தில் அவர் தெருவில் இறங்கினால் கடைக்காரர்களின் தராசுகள் தாமாகவே நேராகும் என்று மாமியார் சொல்வார். கணினித் திரையை மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“மாப்ளே, அட்டையில ஒரு டெராபைட்னு போட்டிருக்கு. அதாவது ஆயிரம் ஜிபி. இங்க 931தான் காட்டுது. மீதி 69 எங்க?”

விளக்கினேன். ஒரு டெராபைட் என்று விற்பவர் கணக்கில் அது ஒரு லட்சம் கோடி பைட். பட்ஜெட் செய்தியில் மட்டும் கேட்டுப் பழகிய தொகை, சட்டைப் பையில் அடங்கிவிட்டது. விற்பவர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார். எங்கள் கணினியோ 1,024, 1,024 என்று பெருக்கிக் கணக்கிடுகிறது. அதன்படி ஒரு ஜிபி என்பது நூறு கோடி பைட் இல்லை. 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம். லட்சம் கோடியை அதால் வகுத்தால் 931தான் வரும்.

“அப்ப ரெண்டு எடைக்கல் வெச்சிருக்காங்க.”

“இந்தக் குழப்பம் வேண்டாம்னுதான் மாமா, 1998லயே சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1,024 கணக்குக்குத் தனியா கிபிபைட், டெபிபைட்னு பேர் வெச்சாங்க. கணினி அந்தக் கணக்கைப் போட்டுட்டு பழைய பேரையே எழுதுது.”

மாமனார் கொஞ்ச நேரம் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். “சரக்கு சரி. சீட்டுதான் தப்பு.” இதைவிடச் சுருக்கமாக யாரும் இதை விளக்கி நான் கேட்டதில்லை.

அவரைச் சமாதானப்படுத்த, ஐபிஎம் 1956இல் கொண்டுவந்த ராமாக் கணினி பற்றிச் சொன்னேன். உலகின் முதல் ஹார்ட் டிஸ்க் அதில்தான் வந்தது. இரண்டடி விட்டத்தில் 50 தட்டுகள், ஏறக்குறைய ஒரு டன் எடை. அவ்வளவுக்கும் அதில் அடங்கியது 50 லட்சம் எழுத்து. தினமும் காலையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவர் அனுப்புகிற ரோஜாப்பூக்களில் ஒரு மாத ரோஜா அதில் ஏறுவது சந்தேகம். அவர் உடனே பென்சிலை எடுத்தார். லட்சம் கோடியை 50 லட்சத்தால் வகுத்தால் இரண்டு லட்சம். “ரெண்டு லட்சம் டன் சரக்கு மாப்ளே!” என்று டிஸ்க்கைக் கையில் தூக்கி ஆட்டிப் பார்த்தார். பிடுங்கி வைத்தேன்.

அடுத்தது நகலெடுக்கும் படலம். ‘இன்னும் 4 மணி நேரம்’ என்றது கணினி. ஐந்து நிமிடம் கழித்து ‘35 நொடி’ என்றது. நான் செருப்பைக் கழற்றுவதற்குள் ‘1 நாள்’ என்றது. கணினி பொய் சொல்வதில்லை. அந்த நொடியில் என்ன வேகமோ அதை வைத்து மீதியைக் கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான். கல்யாண வீடியோ ஒரே பெரிய கோப்பு; மளமளவென்று ஓடிவிடும். மாமனாரின் ரோஜாக்கள் அளவில் சின்னவை, எண்ணிக்கையில் ஏராளம். ஒவ்வொன்றுக்கும் பெயர் பதிந்து, இடம் ஒதுக்கி, கதவைத் திறந்து மூட வேண்டும். அதனால் கல்யாணம் பறந்து போயிற்று, குட்மார்னிங் மட்டும் மாலைவரை நடந்தது.

நடுவில் ஒரு கேள்வி வேறு: இதே பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருக்கிறது, மாற்றவா, விடவா, இரண்டையும் வைக்கவா? கேமராக்கள் படத்துக்கு நாலு இலக்க எண்தான் போடும். 9999 ஆனதும் மறுபடி 0001. ஆகவே மகனின் காதுகுத்தும் கொழுந்தியாள் வீட்டுக் கிரகப்பிரவேசமும் ஒரே பெயரில் வந்து நின்றன. ‘மாற்று’ என்று தட்டியிருந்தால் அழுகிற குழந்தை போய், அதே இடத்தில் பசுமாடு நின்றிருக்கும். என் மனைவியின் கொள்கை எளிது: “எதுக்குங்க வம்பு, ரெண்டையும் வைங்க.” இதனால் எங்கள் டிஸ்க்கில் ‘புதிய ஃபோல்டர்’, அதற்குள் ‘புதிய ஃபோல்டர் 2’, அதற்குள் முதலாவதன் நகல் என்று ஒரு வம்சாவளியே இருக்கிறது.

எடுத்து முடித்தால் உடனே கழற்றிவிட வேண்டும் என்பதில் நான் கறார். 2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டதே, அந்த ஜாதி வைரஸ் கணினியோடு மாட்டியிருக்கிற டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். ஆனால் கழற்றப் போனால், ‘இந்தச் சாதனம் பயன்பாட்டில் உள்ளது’ என்று வரும். யார் பயன்படுத்துகிறார்கள் என்று மட்டும் சொல்லாது. வீட்டில் விசாரித்தால் யாருமே இல்லை என்பார்கள். மகன் அறையிலிருந்து சண்டைக் காட்சிச் சத்தம் கேட்கும்.

பெரிய இடங்களின் கதையும் பெரிதாக வேறில்லை. 1998இல் பிக்ஸார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ தயாராகிக்கொண்டிருந்தபோது யாரோ அழிக்கும் கட்டளையைத் தவறான இடத்தில் கொடுத்துவிட்டார்கள். படத்தின் நாயகப் பொம்மை வுட்டியின் தொப்பி போயிற்று. பிறகு வுட்டியே போயிற்று. படத்தின் பெரும்பகுதி காலி. பேக்கப் இருக்கிறதே என்று தேடினால், அது சரியாக வேலை செய்யாமலே இருந்திருக்கிறது. அதை யாரும் ஒழுங்காகத் திறந்து பார்த்து வரவில்லை. கைக்குழந்தை இருந்ததால் வீட்டிலிருந்து வேலை பார்த்துவந்த கேலின் சஸ்மனின் கணினியில் ஒரு பிரதி இருந்தது. அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றி, காரின் பின் இருக்கையில் பெல்ட் போட்டு உட்காரவைத்துக் கொண்டுவந்தார்கள். பிறகு கதையையே பெருமளவு மாற்றி மறுபடி எடுத்தார்கள் என்பது தனிக் கூத்து.

வீட்டுக்கு வெளியே ஒரு பிரதி வேண்டும் என்று எனக்கு உறைத்தது இதைப் படித்த பிறகுதான். பீட்டர் குரோக் என்ற புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 விதி அதைத்தான் சொல்கிறது: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில். எங்களுக்கு வேறு இடம் என்றால் ஸ்ரீரங்கத்தில் சகலை வீடு. தில்லைநகரில் எங்களுக்கு என்ன ஆனாலும் காவிரிக்கு அந்தப் பக்கம் ஒரு பிரதி பிழைக்கும். சில மாதங்களுக்கு ஒருமுறை போய்ப் பழைய டிஸ்க்கை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்துவிட்டு வருவது ஏற்பாடு. சகலை பெருந்தன்மையாகச் சம்மதித்தார். “சும்மாதானே கிடக்கு, ரெண்டு படம் போட்டுக்கறேன்” என்றும் சொன்னார். முதல் தடவை திரும்பி வந்த டிஸ்க்கில் எங்கள் குடும்பம் ஓர் ஓரமாக ஒண்டிக்கொண்டிருந்தது; மீதியெல்லாம் மலையாளப் படம்.

பேக்கப்பைத் திறந்து பார்க்கும் வேலையை மாமனாரிடம் விட்டேன். துறையும் பொருத்தம், ஓய்வும் இருக்கிறது. முன்னறிவிப்பு இல்லாமல் வருவார், ஏதாவது ஒரு கோப்பைச் சுட்டிக்காட்டுவார்: “இதைத் திறங்க.” முதல் சோதனையில் அவர் கைவைத்தது மகனின் காதுகுத்து மொய்க் கணக்கு, 2006. கோப்பு திறந்தது. உள்ளே ஒரு தமிழ் எழுத்து இல்லை. ஆங்கில எழுத்துகளாக, வரிக்கு வரி அரைப்புள்ளியாகக் கொட்டிக் கிடந்தது. அந்தக் காலத்தில் பாமினி எழுத்துருவில் அடித்தது. அதில் அரைப்புள்ளியை அடித்தால்தான் மெய்யெழுத்துக்குப் புள்ளி விழும். எழுத்துரு பழைய கணினியோடு போய்விட்டது. கோப்பில் ஒரு பைட்கூடக் குறையவில்லை, ஆனால் படிக்கத்தான் ஆளில்லை. மாமனார் குறிப்பேட்டில் ‘தேறவில்லை’ என்று எழுதினார்.

பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு சாயங்காலம் உட்கார்ந்து மாற்றினேன். புதுப் பிரதியை மூன்று இடத்திலும் ஏற்றி, சகலை வீட்டு டிஸ்க்கையும் மாற்றிவிட்டு வந்தேன். மறுசோதனை. கோப்பு திறந்தது. ஊரும் பேரும் தொகையுமாகத் தமிழ் மின்னியது. மாமனார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வரிவரியாக வாசிக்கத் தொடங்கினார். மனைவி சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள். அரியலூர், லால்குடி, முசிறி எல்லாம் தாண்டி ஸ்ரீரங்கம் வந்தது.

“ஸ்ரீரங்கம், சின்ன மாப்பிள்ளை, 101.”

“எவ்வளவு?”

“101.”

“அவங்க கிரகப்பிரவேசத்துக்கு நாம 1,001 எழுதினோம்ப்பா.”

“நான் என்னம்மா செய்ய? இருக்கறதைத்தானே படிக்க முடியும்,” என்றார் ஆய்வாளர்.

கரண்டி இன்னும் கீழே இறங்கவில்லை. “அடுத்த தடவை டிஸ்க் மாத்தப் போறப்ப சொல்லுங்க, நானும் வர்றேன்.”

அன்றிரவு எல்லோரும் தூங்கியபின் அந்த ஒரு வரியை மட்டும் அழித்துவிடலாமா என்று கணினி முன் உட்கார்ந்தேன். கணினியில் அழிக்கலாம். டிஸ்க்கிலும் அழிக்கலாம். மூன்றாவது பிரதி சகலை வீட்டு டிவிக்குப் பக்கத்தில், மலையாளப் படங்களோடு பத்திரமாக இருக்கிறது.