சுடத் தெரிஞ்ச பயலுக்குச் சும்மா இருக்கத் தெரியல

ஏலே, அந்த போனைச் செத்த கீழ வையி. அந்த பிஜிஎம்ஐ ஆட்டத்துல போச்சின்கியில குதிச்சு, கால் தரையில பாவுறதுக்குள்ள செத்துப் போயிட்டு, "லேக் அடிச்சிட்டு தாத்தா, இல்லாட்டி அவனைச் சாத்தியிருப்பேன்"னு சொல்லுதியே, அதை ஆடி மாசத்துல இருந்து கேட்டு எங்காது புளிச்சுப் போச்சு. பாவம், லேக்குக்கு வாய் இல்ல. இருந்தா உம்பேருல பிராது கொடுத்திருக்கும்.

உன் கையில குத்தம் இல்லலே. நல்ல கை. க்ளா வச்சு நாலு விரலால ஆடுத, ஜைரோவை ஆன் பண்ணிப் போனைச் சாய்ச்சுச் சாய்ச்சு, அந்த எம்416 மேல தூக்காமப் புடிச்சு நிறுத்துத. திண்ணையில உனக்குப் பின்னால குந்தி எல்லாம் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். வேர்ஹவுஸ் டிடிஎம்முல உன்னை அடிக்க நம்ம தெருவுல ஆள் இல்ல. நாலுக்கு நாலு பேரு, 40 பேரை மொதல்ல சாய்ச்ச கட்சிக்கு வெற்றி. செத்தா அடுத்த நிமிசமே பொறந்து ஓடியாரலாம். சாவுறதுக்கு அங்க தம்பிடி செலவு கெடையாது. அங்கன பழகின கையை அப்படியே எராங்கல் மேப்புக்குக் கொண்டு போறியே, அங்கதாம்லே உனக்குச் சனியன் புடிக்கி.

எராங்கல் எட்டுக்கு எட்டு கிலோமீட்டரு. நூறு பேரு. ஆளுக்கு ஒரு உசுரு. ரீகால் இருக்குல்லா தாத்தாம்ப. இருக்கு. அதுக்கு உன் கூட்டாளி ஒருத்தனாவது உசுரோட இருந்து கூப்பிடணும். நீ ஓடின பக்கமே அந்த மூணு பேரும் ஓடியாந்து உன் பக்கத்துலயே வரிசையா விழுந்து கெடந்தா யாரு வந்து கூப்பிடுவா, நானா?

உன் வியாதி என்னன்னு சொல்லட்டா? எங்கயோ முந்நூறு மீட்டருக்கு அங்கிட்டு வெடிச் சத்தம் கேக்கும். மினிமேப்புல துப்பாக்கிக் குறி மின்னும். ஒடனே "ரஷ்லே, ரஷ்லே"ன்னு பக்கி வண்டியை எடுத்துக்கிட்டுப் பறப்ப. அங்க ரெண்டு கோஷ்டி அடிச்சுக்கிடுது, அது அவங்க குடும்பச் சண்டை. அடிச்சு முடிக்கட்டுமே. ஜெயிச்சவனுக்கும் பாதி உசுருதான் மிச்சம் இருக்கும், துப்பாக்கியில குண்டு கொறஞ்சிருக்கும், செத்தவன் பெட்டியைக் கிண்டிக்கிட்டு இருப்பான். அப்பப் போனா ஆவாதா? நீ நடுவுல போயி ரெண்டு பேருக்கும் பொது எதிரியா நிக்க.

பெட்டின்னதும் ஞாபகம் வருது. ஒருத்தனைச் சாய்ச்சுட்டா போதும், அவன் பெட்டி மேல ஏறிக் குந்திருவ. லெவல் 3 ஹெல்மெட்டு இருக்கா, எட்டு எக்ஸ் ஸ்கோப்பு இருக்கான்னு தொழாவுத நேரத்துல அவன் கூட்டாளி மாடியில இருந்து உன் மண்டையைச் சாவகாசமா அளந்துக்கிட்டு இருக்கான். அவன் ஒன்னும் பெரிய குறிகாரன் இல்ல. ஆடாம அசையாம நிக்கவனைச் சுடுததுக்கு என்ன குறி வேண்டிக் கெடக்கு?

இன்னொன்னு, அஞ்சே அஞ்சு குண்டு போயிருக்கும், முப்பதுல இருவத்தஞ்சு மிச்சம் இருக்கும், அதுக்குள்ள ரீலோடு பொத்தானை அமுக்கிருவ. விரலு நமைக்குது. சரியா மேகசீன் மாத்துத அந்த நேரத்துல ரெண்டாவது ஆளு கதவைத் தெறந்துக்கிட்டு வாரான். இது குறியில வந்த குத்தமா? நல்லா ரோசிச்சுப் பதில் சொல்லு, அவசரமே இல்ல.

போன வாரம் அந்தக் கார்98 துப்பாக்கியை வச்சு ஒரு கூத்து அடிச்சியே. மேட்டு மேல ஒருத்தன் லெவல் 3 ஹெல்மெட்டோட நின்னான். முழு உசுரு. கார்98 அவனை ஒரே குண்டுல சாய்க்காதுன்னு உனக்கே தெரியும். ஏடபிள்யூஎம்முனா சாய்க்கும், அதுக்கு ஏர்டிராப்பு விழணும். தெரிஞ்சும் சுட்ட. மண்டையிலதான் பட்டுது, நல்ல அடி, நானே பாராட்டினேன். அவன் மரத்துக்குப் பின்னால போயி ஃபர்ஸ்ட் எய்டு போட்டுக்கிட்டான். நீ போல்ட்டை இழுத்து அடுத்த குண்டைப் போடுததுக்குள்ள அவன் கூட்டாளிக மூணு பேருக்கும் உன் வீட்டு விலாசம் தெரிஞ்சு போச்சு. அந்த ஒரு குண்டு கல்யாணப் பத்திரிகைலே. குடும்பத்தோட வந்துட்டாங்க. அவன் சண்டையில ஒரு அடி வாங்கட்டும், ஹெல்மெட்டு நைஞ்சு போவட்டும், அப்புறம் தொடலாம்னு உனக்கு ஏன் தோண மாட்டேங்கு?

இப்ப உன் கூட்டாளி ஒருத்தன் சிரிக்கான் பாரு. சிரிக்காத. அடுத்தாப்புல நீதான். ஆட்டம் தொடங்கி முடியுத மட்டும் பாத்ரூமுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டுக் குந்தியிருக்கியே, அதுக்குப் பேரு பொறுமைன்னு யாருலே உனக்குச் சொன்னது? அது பயம். வயக்காட்டுல எலி புடிக்கவன் ஒரு வளையில பொகை போட்டுட்டு மறு வளை வாயில கண்ணு கொட்டாம நிப்பான். கையில தடி ஓங்கின மேனிக்கு இருக்கும். அவனும் சும்மாதான் நிக்கான், வளைக்குள்ள எலியும் சும்மாதான் இருக்கு. நீ இதுல யாருன்னு நீயே பாத்துக்கோ. வட்டம் சுருங்கின கடைசி ஜோன்ல வீட்டை விட்டு வெளிய வரத்தான் செய்யணும். அதுவரைக்கும் ஒரு குண்டு சுடாதவன் கை அப்ப நடுங்காம என்ன செய்யும்? மூணு பேரு மிச்சம் இருக்கையில புல்லுல படுத்துக்கிட்டு ஆகாசத்தைச் சுட்டவன் நீதானே?

அதனால குறி வேண்டாம்னு நான் சொல்ல வரலை. பெரிய போட்டிகள்ல கணக்கு எப்படின்னு நீங்கதான சொன்னீங்க. பதினாறு கோஷ்டி, கோஷ்டிக்கு நாலு பேரு. கடைசிவரை நின்னவனுக்கு 10 புள்ளி, ரெண்டாவதுக்கு 6, அப்புறம் 5, 4ன்னு எறங்கிக்கிட்டே போவுது. ஒரு ஆளைச் சாய்ச்சா ஒரு புள்ளி. அந்தக் கணக்கைப் போட்டவன் விவரமான ஆளு. ஓடிப் போயி நாலு பேரைச் சாய்ச்சுட்டுப் பத்தாவது எடத்துல செத்தவனுக்கு நாலுதான். ஒருத்தனையும் தொடாம ஒளிஞ்சே ரெண்டாவது வந்தவனுக்கு ஆறு. ரெண்டையும் செஞ்சவன் தூக்கிட்டுப் போயிருதான்.

சரி, மூலைச் சண்டைக்கு வருவோம். இதை நல்லாக் கேட்டுக்கோ, காசு கொடுத்தாலும் ஒருத்தன் சொல்ல மாட்டான். நீங்க ஆடுதது டிபிபி. கேமரா உன் முதுகுக்குப் பின்னால, தோளுக்கு மேல நிக்கி. சுவத்துக்குப் பின்னால ஒளிஞ்சவன் தலையை நீட்டாமலே சுவத்துக்கு அங்கிட்டு வாரவனைப் பாக்கான். வாரவனுக்குத் தெரியுதது வெறுஞ்சுவருதான். அவன் எப்ப வாரான், எந்த ஒசரத்துல தலை வரும்னு நின்னவனுக்கு மொதல்லயே தெரிஞ்சு போவுது. சிலுவைக் குறியைத் தலை ஒசரத்துல வச்சுக்கிட்டுக் காத்திருக்கான். நீ பறந்து போயி, ஆளைப் பாத்து, அப்புறம் போனைத் திருப்பி, அப்புறம் குறி வைக்க. இவ்வளவு வேலையையும் நீ செய்யணும். அவன் விரலை மட்டும் அமுக்கணும். செத்துட்டு, "அவன் எய்மு பயங்கரம்லே"ங்க. அவன் எய்மு ஒன்னும் பயங்கரம் இல்ல, நீதான் நடந்து போயி அது மேல முட்டிக்கிட்ட.

நீ மூலையில நின்னாலும் ஓடி வாரவனுக்கும் ஒரு லாபம் உண்டு, அதை மறைச்சா பாவம். அவன் மூலை திரும்பின சேதி அவன் போனுல இருந்து சர்வருக்குப் போயி, அங்கேருந்து உன் போனுக்கு வரணும். அதுக்குள்ள அவன் உன்னைப் பாத்திருவான். கண்ணு மூடித் தெறக்குத நேரம்தான், ஆனா சண்டை அதுலயே முடிஞ்சு போவும். ஆளோட கண்ணு வழியாவே பாக்குத எஃப்பிபியில கேமரா ஒளிவு கெடையாது, அங்கன இது இன்னும் அதிகமாச் செல்லும். அதனால எப்பவும் குந்தியே இருன்னு சொல்லுதவன் பேச்சையும் கேக்காத. எதிராளி அடி வாங்கி மருந்து போடுதான்னு தெரிஞ்சா ஓடு. அவன் ரீலோடு பண்ணுத சத்தம் கேட்டா ஓடு. பொகைக் குண்டு போட்டுக் கூட்டாளியைத் தூக்கிவிடுதானா, ஓடு, அப்ப அவன் கை துப்பாக்கியில இல்ல. சும்மா ஒனக்குப் பொழுது போவலைன்னு ஓடாத.

பொறுக்கத் தெரியாத பயலும் இல்லலே நீ. 2022 ஜூலையில இந்த ஆட்டத்தைப் பிளே ஸ்டோருல இருந்தே தூக்கினாங்கள்லா, மறு வருசம் மே மாசம்தான் திரும்பி வந்துச்சு. அம்புட்டு மாசமும் வீட்டுக்கும் வாசலுக்குமா நடந்துக்கிட்டு, ஆனா பொறுத்துத்தான இருந்த? இப்பவும் லாபியில நாலாவது பய "ரெடி" போடுத மட்டும் முக்கா மணி நேரம் அந்தச் சட்டையை மாத்திப் பாக்க, இந்தத் தொப்பியை மாத்திப் பாக்க. மேட்சுக்குள்ள கால் வச்சதும்தான் அந்தப் பொறுமை எங்க போயித் தொலையுதோ. அந்தப் பச்ச ரத்தம் தெறிக்குததைப் பாத்தா ஒனக்கு என்னமோ ஆயிருது.

ஆங், மறந்துட்டேன். அண்ணன் கொடுத்த போனுல புதுசா ஏத்தியிருக்கியாமே. பதினெட்டு வயசு ஆவாதவனுக்கு ஒரு நாளைக்கு மூணு மணி நேரம்தானாம், பெரியவங்க நம்பரு வேற கேட்டுச்சாமே. உங்கப்பன் நம்பரைக் கொடுத்தா முதுகுத் தோலு போயிரும்னு என் நம்பரைக் கொடுத்திருக்க. கெட்டிக்காரன்தான். ஓடிபி வந்து கெடக்கும். என் போனு உள்ள சார்ஜுல கெடக்கு, கண்ணாடி மச்சுல இருக்கு, முட்டு வேற வலிக்கு. மெதுவா எந்திரிச்சுத்தான் போவணும். நீ குந்துலே.