முழுக்கட்டு

மச்சான் மேசைமேல் ஒரு துண்டை விரித்தார். அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, பெட்டிக்குள் 1945-இல் அச்சடித்த அமெரிக்கப் பத்து சென்ட் வெள்ளிக் காசு. கட்டிங் பிளேயரை ஓரத்தில் வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். டக்கென்று உடைந்தது.

இது இரண்டாவது உடைப்பு. முதல் தடவை தரம் பார்க்கும் கம்பெனிக்கு அனுப்பியபோது எழுபதுக்கு 64 மார்க் வந்தது. உடைத்து, அதே காசை அதே கம்பெனிக்கு மறுபடி அனுப்பினார். 65 வந்தது. "காசு மாறலை, கண்ணுதான் மாறுது. இந்தத் தடவை எஃப்பி வாங்காம விடமாட்டேன்" என்றார். பத்தாம் வகுப்பில் இரண்டு பாடத்துக்கு மறுகூட்டல் போட்டவர். அந்த நம்பிக்கை இன்னும் குறையவில்லை.

எஃப்பி என்றால் 'ஃபுல் பேண்ட்ஸ்'. நம் வசதிக்கு 'முழுக்கட்டு' என்று வைத்துக்கொள்வோம். மச்சான் லென்ஸை என் கையில் கொடுத்தார். காசின் அகலம் 17.9 மில்லிமீட்டர், எடை 2.5 கிராம், அதில் 90 சதவீதம் வெள்ளி. 1916-இல் அடால்ஃப் வைன்மன் என்ற சிற்பி வடித்தது. முன்பக்கம் சுதந்திர தேவி. சிந்தனைக்குச் சிறகு உண்டு என்று சொல்வதற்காக அவள் தொப்பியில் இறக்கை வைத்தார். ஜனங்கள் அதை ரோமானிய தேவன் மெர்குரி என்று நினைத்துவிட்டார்கள். காசுக்கும் அந்தப் பெயரே நின்றுவிட்டது. பின்பக்கம் ஒரு பிரம்புக்கட்டு, கூடவே கோடரி. ரோமாபுரியில் அதிகாரிக்கு முன்னால் தூக்கிப்போவார்கள். அடிக்கவும் வெட்டவும் இவருக்கு உரிமை உண்டு என்று அர்த்தம். கட்டை மூன்று இடத்தில் வாரால் இறுக்கியிருக்கும். நடு வாரில் இரண்டு கோடுகள். அந்த இரண்டுக்கும் இடையில் ஒரு பள்ளம் முழு நீளத்துக்கும் சுத்தமாகத் தெரிந்தால் முழுக்கட்டு. மயிரிழை ஒட்டினாலும் வெறுங்கட்டு.

1945-இல் பிலடெல்பியா நாணயச்சாலை இந்தக் காசில் 15 கோடிக்கு மேல் அச்சடித்தது. புழங்காத காசு இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. ஆனால் அந்தப் பள்ளம் தெரியும் காசு அபூர்வம். அது இல்லாவிட்டால் சில பத்து டாலர், இருந்தால் பல ஆயிரம் டாலர். சிந்தனைச் சுதந்திரம் இருக்கும் பக்கத்தில் இந்தப் பணம் இல்லை. முதுகில் அடிக்கிற பிரம்பை எவ்வளவு நேர்த்தியாகக் கட்டியிருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. ஒரு தேசத்தின் ரசனையை இதைவிடச் சின்ன இடத்தில் எழுதிவைக்க முடியாது.

சரி, கோடு ஒட்டியது யார் குற்றம்? வெள்ளித் தட்டு இரண்டு அச்சுகளுக்கு நடுவே அடி வாங்கும்போது, உலோகம் அச்சின் பள்ளங்களுக்குள் ஓடி நிரம்ப வேண்டும். நடுப்பகுதி வெள்ளிக்கு முன்பக்கத்து முகமும் பின்பக்கத்துக் கட்டும் போட்டி போடும். அச்சு தேய்ந்திருந்தாலோ, சீக்கிரம் உடையக்கூடாதென்று இரண்டு அச்சையும் சற்று விலக்கி வைத்திருந்தாலோ, அடி அழுந்தாது, கோடு எழாது. ஊருக்குச் சில்லறை வேண்டும், அச்சு நாள்பட உழைக்க வேண்டும் என்று எவனோ ஒரு தொழிலாளி பார்த்த சிக்கனம், எண்பது வருஷம் கழித்து காசின் பிறவிக்குறையாகிவிட்டது. புது அச்சில் முதலில் பிறந்தது உயர்ந்தது. தேய்ந்த அச்சில் கடைசியில் பிறந்தது மட்டம். பிறந்த பிறகாவது உழைத்துப் பேர் வாங்கலாமா? கூடாது. ரொட்டி வாங்கி, டிராமில் ஏறி, நாலு கை மாறின காசுக்கு மார்க் இறங்கும். அச்சை விட்டு இறங்கிய அன்றே மூட்டைக்குள் படுத்துத் தூங்கினதற்குத்தான் 65-உம் 67-உம். பிறப்பைப் பார்த்துப் பட்டம், உழைத்தவனுக்குத் தள்ளுபடி! இதைப் புரிந்துகொள்ள நம்மவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை.

மற்ற பட்டங்களையும் பாருங்கள். 1916 முதல் 1930 வரை வந்த கால் டாலரில் சுதந்திர தேவி கேடயத்தோடு நிற்பாள். அதற்கு 'முழுத்தலை' என்று ஒரு பட்டம். தலையில் மூன்று இலை, காதில் துளை, நெற்றியோரத்து முடி வரம்பு, இவ்வளவும் தெரிந்தால் போதும். கையிலிருக்கும் கேடயத்தின் ஆணிகள் பாதி மழுங்கியிருந்தாலும் கேள்வி இல்லை. தலை இருந்தால் சரி, தற்காப்பு அவள் பாடு.

1948 முதல் 1963 வரை வந்த பிராங்க்ளின் அரை டாலரில் சுதந்திர மணி. உலகம் அறிந்த விரிசல் மணி அது. அதன் அடிப்பகுதிக் கோடுகள் அறுபடாமல் ஓடினால் 'முழு மணிக்கோடு'. மணியே விரிசல் விட்டிருக்கலாம், கோட்டில் கீறல் கூடாது! அதிலும் தரம் பார்க்கும் பிசிஜிஎஸ் கம்பெனிக்குக் கீழ்வரிசைக் கோடு முழுதாக இருந்தால் போதும். என்ஜிசி கம்பெனிக்கு மேல்வரிசையும் வேண்டும். ஆக, ஒரே காசு ஒரு பெட்டியில் முழுசு, இன்னொரு பெட்டியில் குறைசு. உண்மை எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று கேட்பவன் வாங்கத் தெரியாதவன்.

இந்த மார்க் எழுபதோடு ஏன் நிற்கிறது? வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949-இல், அமெரிக்காவின் பழைய செப்புக் காசுகளுக்காக ஒன்று முதல் எழுபது வரை அளவுகோல் செய்தார். தேய்ந்துபோன காசு ஒரு டாலர் பெறுமானால் அப்பழுக்கற்றது எழுபது பெறும் என்பது அன்றைய சந்தைக் கணக்கு. அந்த விலை கலைந்து எத்தனையோ காலம் ஆயிற்று. எழுபது மட்டும் வேதமாக நிற்கிறது. தொழிலால் அவர் உளவியலாளர். மனித உடம்புக்கும் ஏழுக்கு இத்தனை என்று மார்க் போட்டு, உடல்வாகை வைத்தே குணத்தைச் சொல்லலாம் என்றவர். அந்த ஆராய்ச்சிக்காக அமெரிக்காவின் பேர்பெற்ற கல்லூரிகளில், நிமிர்ந்து நிற்கிறார்களா என்று சோதிக்கிறோம் என்ற சாக்கில், மாணவர்களை நிர்வாணமாக நிறுத்திப் படம் எடுத்தார்கள். காசுக்கும் மனிதனுக்கும் ஒரே லென்ஸ்! 1977-இல் அவர் இறந்த பிறகு இன்னொன்று தெரிந்தது. அமெரிக்க நாணயவியல் கழகத்தின் சேகரிப்பிலிருந்து நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு மட்டமானவற்றை அந்த இடத்தில் வைத்திருக்கிறார். விவகாரம் நீதிமன்றம் வரை போனது. காசுக்கும் நேர்மைக்கும் 'நாணயம்' என்று ஒரே சொல்லை வைத்தது நம் மொழி. ஆங்கிலத்தில் இரண்டும் வேறு வேறு. அந்த வசதியை அவர் வீணாக்கவில்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நன்றாக அழுந்திய காசு அழகுதான். தரம் பார்க்கும் கம்பெனிக்கும் ஒரு நியாயம் உண்டு. முன்பு வியாபாரி வாங்கும்போது 63 என்பான், விற்கும்போது 65 என்பான். அதைத் தடுக்கத்தான் மூன்றாம் ஆள் வேண்டும் என்றார்கள். 1986-இல் பிசிஜிஎஸ் வந்தது. ஆரம்பித்தவர்கள் யார்? காசு வியாபாரிகள்தான். மறு வருஷம் என்ஜிசி. எங்கள் தீர்ப்பு பாரபட்சமற்றது, மாறாதது என்று பிசிஜிஎஸ் செய்த விளம்பரம் மிகையென்று அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் குற்றஞ்சாட்ட, 1990-இல் சமரசம் ஆனது. 2007-இல், என்ஜிசியைத் தொடங்கிய ஜான் அல்பனீஸே புதிதாக ஒரு கம்பெனி தொடங்கினார். பெட்டியில் இருக்கும் மார்க் சரிதானா என்று பார்த்துப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டும் கம்பெனி. மார்க் குறைவாகப் போட்டிருந்தால் தங்க ஸ்டிக்கர். நீதிபதிக்கு மேல் நீதிபதி. 2023-இல் அந்த ஸ்டிக்கர் கம்பெனியின் குடும்பமும் சொந்தப் பெட்டியில் சொந்த மார்க் போட ஆரம்பித்தது. அதற்கு மேல் ஸ்டிக்கர் ஒட்ட யார் வரப்போகிறாரோ!

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம், இதைத் தவிர: காசின் மதிப்பு ஏற ஏற, பார்க்கும் கூலியும் ஏறுகிறது. தீர்ப்பு யாருக்கு லாபமோ, கூலி கொடுப்பவனும் அவனே. ஊரில் இப்படி ஒரு நீதிபதி உட்கார்ந்தால் செருப்பைக் கழற்றுவோம். இங்கே வரிசையில் நின்று தபால் செலவையும் நாமே கட்டுகிறோம்.

இரண்டு மாதம் கழித்து மச்சானுக்குப் போன் செய்தேன்.

"என்ன மச்சான், வந்துச்சா?"

"வந்துச்சு. 64."

"எஃப்பி?"

"இல்லை."

"கூலி?"

சற்று நேரம் பேச்சில்லை.

"மூணு தடவையும் கொடுத்திருக்கேன். முழுக்கட்டு அவங்களுக்குத்தான்" என்றார்.

போனுக்குள் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது.