ஒரு டிஸ்க், ஏழு பாத்தியதை

தாமிரபரணிக்குக் குறுக்கே கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். கார், பிசானம் என்று பருவம் பார்த்துத் தண்ணீர் திறக்கிறார்கள். சண்டை உண்டு, இருந்தும் பங்கு நடக்கிறது. அதே தண்ணீரைக் குடிக்கும் பாளையங்கோட்டை வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்கைப் பங்கு போட முடியவில்லை.

கூடத்து டிவியில் ஆச்சி பழைய படம் பார்ப்பாள். பேரன் லேப்டாப்புக்காக ஒயரை உருவுவான். “ஏலே, பாதிப் படத்துல புடுங்கிட்டுப் போறியே, வெளங்குவியா?” ஆச்சிக்குப் படம்தான் போச்சு. ஏதாவது பதிவாகிக்கொண்டிருக்கும்போது உருவினால் கோப்பே போகும்.

ஃபார்மேட் வழக்கு தனி. பல பழைய டிவிகளுக்கு ஃபேட்32 தவிர வேறு ஆகாது. அதிலோ 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. சரி, என்டிஎஃப்எஸ் என்று மாற்றினால், சென்னையிலிருந்து வந்த மாப்பிள்ளையின் மேக்புக் ‘படிப்பேன், எழுதமாட்டேன்’ என்று மாப்பிள்ளை முறுக்குக் காட்டும்.

அண்ணாச்சி, உங்கள் வைஃபை ரூட்டரின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். யுஎஸ்பி துளையும், டிஸ்கைப் பகிரும் வசதியும் இருந்தால் அங்கே சொருகிவிடுங்கள். எல்லாரும் ஒயரில்லாமல் எடுத்துக்கொள்வார்கள். கல்யாண வீடியோவுக்கு மட்டும் வேறொரு டிஸ்கில் பிரதி வையுங்கள்.