ரெண்டாவது சொட்டு கன்னத்துக்கு

வா சாமி, உக்காரு. இந்த அடிவாரத்துல டீ குடிச்சுட்டு மலையேறுனவங்க எத்தனையோ பேரு. உன்னை மாதிரி சூரனை நான் பாத்ததில்ல. ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு. ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, அத்தனை காத்தையும் கண்ணுலயே வாங்கறே. போதாததுக்கு ரோட்டுத் தூசி வேற. கீழ வந்ததும் சொட்டு மருந்தைக் கோயில் தீர்த்தமாட்டம் ஊத்திக்கறே.

டாக்டரம்மா "உலர்ந்த கண்ணு"ன்னதும் சிரிச்சியாமே? தண்ணி கொட்டற கண்ணு எப்படிக் காயும்னு கேட்டியாம். நல்ல கேள்விதான். கண்ணீருன்னா வெறும் தண்ணியில்ல, கண்ணு. அடியில ஒட்டிக்க ஒரு வழவழப்பு, நடுவுல தண்ணி, மேல அது ஆவியாகாம இருக்க மெல்லிசா எண்ணெய். எண்ணெய் வர்றது இமையோரத்துச் சுரப்பியில இருந்து. அது கொறைஞ்சா படலம் ஒடைஞ்சு எரியும். எரிஞ்சா கண்ணு பதறிப்போய் பொலபொலன்னு தண்ணி விடும். அந்தத் தண்ணி நிக்காது, வழிஞ்சு போயிரும்.

படலத்தை இழுத்துப் பூசற வேலை இமையோடது. சாதாரணமா நிமிசத்துக்குப் பதினஞ்சு தடவை பக்கமா இமைக்கிறோம். நீ பெங்களூருக் கம்பெனிக்கு வீட்லருந்தே கம்ப்யூட்டரைப் பாக்கறப்ப அதுல பாதி தேறுமா? சம்பளம் குடுக்கறவன் இமைக்கக் கூடாதுன்னா எழுதி வாங்குனான்?

ஊத்தறதுலயும் தாராளம். பாட்டில்ல இருந்து விழற ஒரு சொட்டையே கண்ணு முழுசாப் பிடிச்சு வெச்சுக்க மாட்டேங்குது. ரெண்டாவது சொட்டு உன் கன்னத்துக்குத்தான். கன்னம் காஞ்சு போச்சுன்னு டாக்டரம்மா சொல்லலியே? கீழ் இமையை இழுத்து ஒரு சொட்டு விடு, கண்ணை மூடு, மூக்கோரத்தை விரலால கொஞ்ச நேரம் அமுக்கு. வேற மருந்தும் இருந்தா அஞ்சு நிமிசம் பொறு.

பாட்டில் முனை இமை மயிர்ல உரசக் கூடாது. நீயோ உரசறது மட்டுமில்லாம கூட்டாளிக்கும் கடன் குடுக்கறே. கர்ணன் பரம்பரை! திறந்த பாட்டிலைப் பொதுவா ஒரு மாசத்துல தூக்கிப் போடணும்பாங்க. உன்னோடது எந்தத் தீவாளிக்குத் திறந்தது?

சிரிக்காத. சென்னை பக்கம் திருப்போரூர்ல தயாராகி அமெரிக்காவுல வித்த சொட்டு மருந்து, இதே உலர்ந்த கண்ணுக்குத்தான். பல தடவை திறந்து மூடற பாட்டில், ஆனா கிருமி வளராமத் தடுக்கற மருந்து அதுல சேக்கல. மருந்துக்குக் கட்டுப்படாத சூடோமோனாஸ் கிருமி பரவி, 18 மாநிலத்துல 81 பேருக்குத் தொத்துச்சுன்னு அந்த நாட்டு நோய்த் தடுப்பு மையம் கணக்கு குடுத்துச்சு. 14 பேருக்குப் பார்வை போச்சு, நாலு பேருக்குக் கண்ணையே எடுத்தாங்க, நாலு பேர் செத்தும் போனாங்க. 2023 பிப்ரவரியிலயே மருந்தைத் திரும்ப வாங்கிட்டாங்க.

அதுக்காகக் கிருமி தடுக்கற மருந்து சேத்த சொட்டைக் குடம் குடமா ஊத்தலாம்னு இல்ல. ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல போனா அதுவே கண்ணை உறுத்தும். அப்ப அது சேக்காத, ஒரே வேளைக்கான சின்னக் குப்பி வாங்கு. உடைச்சா ஊத்திட்டு எறிஞ்சிரு. மிச்சத்தைச் சாயங்காலத்துக்குப் பொத்தி வெக்கற சிக்கனம் வேண்டாம். சிவப்பை நீக்கற சொட்டு வேற சரக்கு. பழகிட்டு நிறுத்துனா முன்னைவிடச் சிவக்கும்.

உங்க ஆயா நந்தியாவட்டைப் பூவும் வெளக்கெண்ணெயுமா வருவா. பூவைச் சாமிக்கு வெக்கச் சொல்லு, எண்ணெயை வெளக்குக்கு ஊத்தச் சொல்லு. வெந்நீர்ல நனைச்ச துணியை மூடுன இமை மேல பத்து நிமிசம் போடச் சொன்னா, அதுல அவ சமத்து. சூடு பட்டா அடைச்ச எண்ணெய் எளகும்.

வலி எடுத்தா, வெளிச்சம் பாக்க முடியலேன்னா, பார்வை மங்குனா நாள் பாக்காம சேலம் பெரியாஸ்பத்திரிக்கு ஓடு. வாயும் காஞ்சு மூட்டும் வலிச்சா அதையும் சொல்லு. போன்ல படிச்சதை டாக்டருக்குப் பாடம் எடுக்காத. தும்மலுக்கு நீ தெனமும் முழுங்கற அலர்ஜி மாத்திரை பேரை மட்டும் மறைக்காமச் சொல்லு. கண்ணைக் காய வெக்கறதுல அதுக்கும் பங்கு இருக்கலாம்.